நாலு பேருக்குப் பாதி, பத்தொன்பது பேருக்கு மீதி

ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் கானர் மெக்டேவிட் ஒரு டாலர்கூட உயர்வு கேட்காமல் எட்மன்டன் ஆயிலர்ஸ் அணியோடு மறுபடி கையெழுத்துப் போட்டதைப் பற்றிப் போன இதழில் நாலு வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்து கடிதமும் வாட்ஸ்அப்புமாக வந்து குவிந்துவிட்டது. வெயிலுக்குப் பேர்போன நம்ம ஊரிலிருந்து ஐஸ் ஹாக்கியைப் பற்றி இவ்வளவு பேர் கேட்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள், அங்கே ராத்திரி நடக்கிற ஆட்டம் நமக்குக் காலை டிபன் நேரத்தில் ஓடுகிறது, வீட்டில் எல்லோரும் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். முக்கால்வாசிக் கேள்விகள், என்ஹெச்எல் என்கிற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகில் ஒரு டீம் ஆட்டக்காரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்கிற சம்பள வரம்பைப் பற்றித்தான். அதனால் இந்த இதழ் முழுக்க அதுவே.

கேள்வி: சார், மகள் எட்மன்டனில் நர்ஸ். மாப்பிள்ளைக்கு ஆயிலர்ஸ் என்றால் உயிர். நன்றாக வளர்ந்துகொண்டிருந்த ரெண்டு பையன்களைக் கணக்கில் இடமில்லை என்று விட்டுவிட்டார்களாம், போனில் பேசும்போதெல்லாம் அதையே சொல்லிப் புலம்புகிறார். டீம் ஓனர் பெரிய கோடீஸ்வரர் என்கிறார்கள். அப்புறம் என்ன இடமில்லை? கஞ்சத்தனமா? — காட்பாடியிலிருந்து ஒரு அம்மா

கஞ்சத்தனம் இல்லை அம்மா. ஓனர் மூட்டையோடு வந்து நின்றாலும் கொடுக்கக் கூடாது என்பதுதான் விதி. 2004-05 சீசனில் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் ஒத்துவராமல் ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை, வருஷமே போச்சு. அந்தச் சண்டையின் முடிவில் வந்ததுதான் இந்த வரம்பு. 2005-06-ல் ஒரு டீம் மொத்தமாக 3.9 கோடி டாலருக்குள் ஆட்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பித்து, 2025-26-ல் அது 9.55 கோடி டாலருக்கு வந்திருக்கிறது. நம்ம காசில் 800 கோடிக்கும் மேல். லீகுக்கு வருகிற ஹாக்கி வருமானத்தில் சரிபாதி ஆட்டக்காரர்களுக்கு, அதைப் பொறுத்து வருஷா வருஷம் வரம்பு ஏறும். கொரோனா காலத்தில் அரங்கம் காலியாகி வருமானம் படுத்தபோது 8.15 கோடியிலேயே மூன்று சீசன் அப்படியே நின்றது.

இப்போது உங்கள் மாப்பிள்ளையின் டீமை எடுத்துக்கொள்வோம். 2025-26 கணக்கில் டிரைசைட்டில் 1.4 கோடி, மெக்டேவிட் 1.25 கோடி, பூஷார்ட் 1.05 கோடி, டார்னல் நர்ஸ் 92.5 லட்சம். கூட்டிப் பாருங்கள், நாலு பேருக்கு 4.625 கோடி. கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது. டீமில் 23 பேர் வரை வைத்துக்கொள்ளலாம், அப்படியானால் மீதி 19 பேருக்கு 4.925 கோடிதான், தலைக்கு 26 லட்சம் டாலர்கூட வராது. அதிலும் ஹைமனுக்கு 55 லட்சம், நியூஜென்ட்-ஹாப்கின்ஸுக்கு 51.25 லட்சம் கொடுத்த பிறகு மிச்சமிருக்கிற 17 பேருக்குச் சராசரி 23 லட்சத்துக்குள் இறங்கிவிடுகிறது. அந்த 17 பேரில்தான் கோல்கீப்பர்கள், பெனால்டி நேரத்தில் உடம்பைக் குறுக்கே போட்டு அடியைத் தடுப்பவர்கள், நாலாவது லைனில் எட்டு நிமிஷம் மட்டும் ஆடிவிட்டு உட்காருபவர்கள் எல்லோரும் அடக்கம்.

அந்த ரெண்டு பையன்கள் பிலிப் ப்ரோபெர்க், டிலன் ஹாலோவே. ரெண்டு பேருமே டிராஃப்டில், அதாவது டீம்கள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற நிகழ்வில், எட்மன்டன் தன் முதல் ரவுண்டில் எடுத்து வளர்த்தவர்கள். 2024 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் அணி ஒருத்தருக்கு வருஷம் 45.8 லட்சம், இன்னொருத்தருக்கு 22.9 லட்சம் என்று ஒரே நாளில் ரெண்டு பேருக்கும் ஆஃபர் நீட்டியது. கான்ட்ராக்ட் முடிந்த இளம் ஆட்டக்காரருக்கு வெளி டீம் இப்படி நீட்டினால், சொந்த டீம் ஏழு நாளைக்குள் அதே தொகையைக் கொடுத்து வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் விட்டுவிட்டு டிராஃப்ட் வாய்ப்புகளை நஷ்டஈடாக வாங்கிக்கொள்ளலாம். எட்மன்டன் அந்த ஜூன் மாதம்தான் லீகின் சாம்பியனுக்குக் கொடுக்கிற ஸ்டான்லி கோப்பையின் இறுதிப் போட்டியில் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றிருந்தது, கோப்பையைத் தொட்டுவிட வேண்டும் என்று வரம்பை ஒட்டி ஆள் சேர்த்து முடித்த நேரம். ரெண்டு பேருக்கும் சேர்த்து 69 லட்சத்துக்கு இடமே இல்லை, விட்டுவிட்டார்கள். ஹாலோவே அடுத்த சீசனில் செயின்ட் லூயிஸுக்கு 63 பாயின்ட் எடுத்தார், அதாவது அடித்த கோலும் கோலடிக்க உதவியதும் சேர்ந்த கணக்கு. மாப்பிள்ளை புலம்புவதில் நியாயம் இருக்கிறது அம்மா.

மெக்டேவிட் விஷயமும் இதில்தான் வருகிறது. ஒரு ஆளுக்கு வரம்பில் 20 சதவீதம் வரை கொடுக்கலாம், அவர் கையெழுத்துப் போட்ட சமயத்தில் அது 1.91 கோடி. மினசோட்டாவின் கப்ரிசாவ் அதற்குச் சில நாள் முன்புதான் 1.7 கோடிக்குப் போட்டார். இவரோ பழைய 1.25 கோடிக்கே இன்னும் ரெண்டு வருஷம் ஆடுகிறேன் என்றார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். ஆனால் அவர் கேட்காமல் விட்ட ஒவ்வொரு பத்து லட்சத்துக்கும் பக்கத்தில் ஒரு உருப்படியான ஆள் நிற்க முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கேள்வி: அண்ணா, ஒரு பிளேயருக்கு முதல் வருஷம் அதிகம், கடைசி வருஷம் கம்மி என்று சம்பளம் இருந்தால் எந்த வருஷத்துக் கணக்கில் எவ்வளவு வரும்? பாதி சீசனில் வாங்கினால் முழுச் சம்பளமும் சேருமா? — ஆற்காட்டிலிருந்து ஒரு பி.காம் மாணவர்

பி.காம் படிக்கிற தம்பிக்கு இது பிடிக்கும். கையில் வாங்குகிற சம்பளம் வேறு, வரம்புக் கணக்கில் ஏறுகிற தொகை வேறு. மூன்று வருஷத்தில் 1.2 கோடி, 1 கோடி, 80 லட்சம் என்று வாங்குகிறார் என்றால் ஒவ்வொரு வருஷமும் சராசரியான 1 கோடிதான் ஏறும். இதைப் பயன்படுத்தி ஒரு காலத்தில் பெரிய தில்லுமுல்லு நடந்தது. 2010-ல் நியூ ஜெர்சி டெவில்ஸ், இல்யா கோவல்சுக்குக்கு 17 வருஷம், 10.2 கோடி என்று ஒரு கான்ட்ராக்ட் எழுதியது. கடைசி ஐந்து வருஷத்துக்கு வருஷம் வெறும் 5.5 லட்சம், முடிகிறபோது அவருக்கு வயசு 44. யாரும் அந்த வயசில் ஆடப்போவதில்லை, சராசரியைக் கீழே இழுப்பதற்காக மட்டும் ஒட்டவைத்த வருஷங்கள். மத்தியஸ்தர் ரிச்சர்ட் ப்ளாக் அது செல்லாது என்று தூக்கிப் போட்டார், பிறகு 15 வருஷம் 10 கோடி என்று மாற்றிக்கொண்டார்கள். அந்த வருஷம் அக்டோபரிலேயே வரம்பில் இடமில்லாமல், காயம்பட்டவர்களுக்குப் பதில் ஆள் கூப்பிட முடியாமல், கோல்கீப்பர் நீங்கலாக 18 பேர் இறங்க வேண்டிய ஆட்டத்தில் 15 பேரோடு இறங்கியது அந்த டீம். கோவல்சுக் மூன்றே வருஷத்தில் ரஷ்யாவுக்குத் திரும்பிவிட்டார். 2013-லிருந்து சொந்த டீமோடு எட்டு வருஷம், வெளி டீமோடு ஏழு வருஷம் என்று கட்டுப்படுத்திவிட்டார்கள், 2026 செப்டம்பரில் தொடங்கும் புது ஒப்பந்தத்தில் அது ஏழும் ஆறுமாகக் குறைகிறது.

ரெண்டாவது கேள்விதான் முக்கியம். வரம்பை நாள் கணக்கில் எண்ணுகிறார்கள். சீசன் சுமார் 190 நாள், 1 கோடி டாலர் ஆட்டக்காரர் டீமில் இருக்கிற ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட 52,000 டாலர் ஏறும், இல்லாத நாளில் ஏறாது. சரி, ஒரு டீம் அக்டோபரிலிருந்து 20 லட்சம் டாலர் இடத்தைத் தொடாமல் வைத்திருக்கிறது என்று வையுங்கள். மார்ச் முதல் வாரத்தில் ஆள் மாற்றிக்கொள்ளக் கடைசித் தேதி வரும்போது சீசனில் மிச்சம் 40 நாள் சொச்சம். அந்த 40 நாளைக்கு ஒருத்தருக்கு 20 லட்சம் வரை செலவு செய்யலாம், அதாவது வருஷக் கணக்கில் 90 லட்சத்துக்கும் மேல் வாங்குகிற ஒரு பெரிய ஆளையே இறக்கலாம். அக்டோபரில் 20 லட்சத்துக்கு நாலாவது லைன் ஆள்தான் கிடைப்பார். பொறுத்திருந்த மேனேஜருக்கு மார்ச்சில் நட்சத்திரம் கிடைக்கிறது. நான் ஒரு டீமை எடைபோட வேண்டுமென்றால் ஜூலையில் யாரை வாங்கினார்கள் என்று பார்க்கமாட்டேன், டிசம்பரில் எவ்வளவு இடம் மிச்சம் வைத்திருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன்.

கேள்வி: எங்கள் தோல் ஃபேக்டரியில் லீவு தீர்ந்த பிறகு ஒரு நாள் வராவிட்டாலும் சம்பளம் பிடிப்பார்கள். அங்கே காயம்பட்டு சீசன் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு முழுச் சம்பளமாம், அதோடு அது வரம்புக் கணக்கிலும் வராதாம். ஏமாற்ற வழி இல்லையா? — ராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து ஒரு கணக்கர்

சம்பளம் முழுசாகக் கிடைக்கும், அது உண்மை. கணக்கில் வராது என்பது பாதி உண்மை. குறைந்தது 10 ஆட்டமும் 24 நாளும் ஆட முடியாது என்றால் அவரை நீண்ட காலக் காயப் பட்டியலில் போடலாம். அவர் தொகை கணக்கை விட்டுப் போகாது, அந்த அளவுக்கு வரம்பைத் தாண்டிப் போக அனுமதி கிடைக்கும், அவ்வளவுதான். அந்தப் பட்டியலை நம்பி இருக்கிற டீமுக்கு, மேலே ஆற்காட்டுத் தம்பிக்குச் சொன்ன மாதிரி தினசரி இடம் சேராது. சேர்த்து வைக்கவும் வேண்டும், தாண்டவும் வேண்டும் என்றால் நடக்காது.

ஏமாற்ற வழி இருந்தது ஐயா. முன்பெல்லாம் வரம்பு லீக் சுற்றுக்கு மட்டும்தான், கோப்பைக்கான பிளேஆஃப் சுற்று வந்ததும் கணக்கே கிடையாது. 2020-21-ல் டாம்பா பே அணியின் நிகிட்டா குச்செராவ், கணக்கில் 95 லட்சம் டாலர் ஆள், இடுப்பில் ஆபரேஷன் செய்துகொண்டு லீக் சுற்று முழுக்க ஆடவில்லை. அவர் இடத்தில் கிடைத்த அனுமதியை வைத்து மற்றவர்களை எல்லாம் தக்கவைத்துக்கொண்டார்கள். பிளேஆஃப் முதல் ஆட்டத்தில் வந்து இறங்கினார், 32 பாயின்ட் எடுத்து அந்தப் பிளேஆஃபிலேயே முதலிடம், கோப்பையும் அவர்களுக்கே. வரம்புக்கு மேல் 1.8 கோடி என்று எழுதின டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு அவர் கொண்டாடியதைத் தோற்ற டீம்களின் ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆபரேஷன் நிஜம், விதியை மீறவும் இல்லை. ஆனால் நியாயமா என்று என்னைக் கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஒழுங்காகக் கணக்குப் பார்த்துத் தன் பையன்களை அனுப்பிவிட்டு வந்த டீமுக்கு எதிரே அப்படி ஒரு டீம் நிற்கக் கூடாது.

2025-26-லிருந்து அந்த வாசலை அடைத்துவிட்டார்கள். பிளேஆஃபில் ஒவ்வொரு ஆட்டத்திலும் இறங்குகிற 20 பேரின் தொகை வரம்புக்குள் இருக்க வேண்டும். அந்த சீசனுக்குள் திரும்பி வரக்கூடிய ஆள் என்றால், அவருக்குப் பதிலாகச் செலவழிக்கிற தொகைக்கும் லீக் சராசரிச் சம்பள அளவில் கட்டு. ரொம்ப நாள் தாமதமாக வந்த நல்ல காரியம்.

கேள்வி: தப்பான ஆளுக்குப் பெரிய கான்ட்ராக்ட் கொடுத்துவிட்டால் பிய்த்துக்கொண்டு போக முடியாதா? — குடியாத்தத்திலிருந்து ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்

முடியும் ஐயா, ஆனால் சும்மா விடாது. கீழ் லீகுக்கு அனுப்பினால், 2025-26 கணக்குப்படி 11.5 லட்சம் டாலர் மட்டும் கணக்கிலிருந்து கழியும், மீதி தலையிலேயே நிற்கும். வேறு டீமுக்குத் தள்ளலாம், அதற்காக அவர் சம்பளத்தில் 50 சதவீதம் வரை நாமே சுமக்க ஒப்புக்கொள்ளலாம், அப்படி ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் கூடாது. மாற்றக் கூடாது என்று கான்ட்ராக்டிலேயே எழுதி வாங்கிய ஆளாக இருந்தால் அவர் சம்மதமும் வேண்டும்.

கடைசி வழி, பணம் கொடுத்து முறித்துக்கொள்வது. மிச்சமிருக்கிற சம்பளத்தில் மூன்றில் ரெண்டு பங்கை, மிச்சமிருக்கிற காலத்தைப்போல் ரெண்டு மடங்கு காலத்துக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், 26 வயசுக்குள் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். வீட்டைக் காலி பண்ணிவிட்டுப் பிறகும் பல வருஷம் வாடகை கட்டுகிற மாதிரிதான் இது. மினசோட்டா வைல்டு அணி பட்ட பாட்டைப் பாருங்கள். 2012-ல் ஒரே நாளில் பரீசே, சூட்டர் ரெண்டு பேருக்கும் ஆளுக்கு 13 வருஷம், 9.8 கோடி. 2021-ல் ரெண்டு பேரையும் முறித்துக்கொண்டார்கள். முன்வருஷங்களில் அள்ளிக் கொடுத்துக் கடைசி வருஷங்களில் கம்மியாக எழுதின கான்ட்ராக்ட் என்பதால், முறித்தும் உண்மையில் மிச்சமான காசு கொஞ்சம்தான், மிச்சமானது மட்டும்தான் கணக்கிலிருந்து கழியும். விளைவு, 2023-24-லும் 2024-25-லும் வருஷத்துக்கு 1.474 கோடி டாலர், ஐஸில் கால் வைக்காத ரெண்டு பேர் பேரில் நின்றது. வரம்பு 8.35 கோடியாக இருந்த வருஷத்தில் அவர்கள் 6.876 கோடியில் டீம் நடத்தினார்கள். அந்தக் கணக்கு 2028-29 வரைக்கும் சிறிதாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்படியும் 2023-லும் 2025-லும் பிளேஆஃபுக்குப் போனார்கள் என்பதை மினசோட்டா ரசிகர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி: குறைந்தபட்சம் இவ்வளவு செலவு பண்ண வேண்டும் என்று இருக்கிறதா? — வாணியம்பாடி

இருக்கிறது, 2025-26-ல் 7.06 கோடி. அதைத் தொடுவதற்காக ஆடாத ஆட்டக்காரர்களின் கான்ட்ராக்டைக் கேட்டு வாங்கிய டீம்கள் உண்டு. 2016-ல் டெட்ராய்ட் ஆட்டக்காரர் டட்சுக் ரஷ்யாவுக்குப் போன பிறகும் அந்த டீம் கணக்கில் அவர் பேரில் 75 லட்சம் நின்றது, அதை அரிசோனா தன் தலையில் ஏற்றிக்கொண்டது, அதற்குக் கூலியாக டிராஃப்டில் முன்னால் போய் ஆள் எடுத்தது.

கேள்வி: வணக்கம் அண்ணா. பள்ளிக்கூடப் பசங்களுக்கு ஹாக்கி சொல்லிக் கொடுக்கிறேன், நம்ம ஹாக்கி. தமிழ்நாடு டிராகன்ஸ் ஏலத்தைப் பசங்களோடு உட்கார்ந்து பார்த்தேன். நமக்கும் இந்தக் கணக்குப் பொருந்துமா? — வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு பயிற்சியாளர்

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும் எழுதினேன் தம்பி. ஹாக்கி இந்தியா லீக் 2024 அக்டோபர் ஏலத்தில் ஒரு ஆண்கள் அணிக்கு 4 கோடி ரூபாய், அதற்குள் 24 பேர். தலைக்குச் சராசரி 16 லட்சத்து 67 ஆயிரம் சொச்சம். ஹர்மன்பிரீத் சிங்கை சூர்மா கிளப் 78 லட்சத்துக்கு எடுத்தது, அந்த ஏலத்திலேயே அதிகம். 4 கோடியில் 78 லட்சம் என்றால் 19.5 சதவீதம். என்ஹெச்எல் ஒரு ஆளுக்கு விதித்திருக்கிற 20 சதவீத எல்லைக்கு மயிரிழை கீழே வந்து நிற்கிறது பாருங்கள், அதுவும் யாரும் கட்டாயப்படுத்தாமல், மேஜையில் பேடில் தூக்கின கைகள் தாமாகவே அங்கே போய் நின்றிருக்கின்றன. நம்ம டிராகன்ஸ் யிப் யான்சனுக்கு 54 லட்சம், அமித் ரோஹிதாஸுக்கு 48 லட்சம் கொடுத்தார்கள். ரெண்டு பேருக்கு 1.02 கோடி, மீதி 22 பேருக்கு 2.98 கோடி, சராசரி 13.5 லட்சம். பெனால்டி கார்னர் அடிக்க ஒருத்தர், எதிரணி கார்னரில் ஓடிப்போய் மறிக்க ஒருத்தர் என்று காசை அங்கே கொட்டியதை நான் தப்பு சொல்லமாட்டேன், அந்த சீசனில் நாலாவது இடம் வந்தார்கள்.

வித்தியாசமும் பெரிது. நம்ம லீக் சில வாரத்தில் முடிந்துவிடும், நாள் கணக்கு கிடையாது, முறித்துக்கொள்கிற கணக்கு கிடையாது. பொருந்துகிற இடம் ஒன்றுதான், அது நடுவில் இருக்கிற ஆட்டக்காரர். எந்த நாடானாலும் வரம்பு என்று ஒன்று வந்துவிட்டால் மேலே இருக்கிற நாலு பேருக்குப் போட்டி போட்டுக் கொடுப்பார்கள். கீழே இருக்கிற சின்னப் பையன்கள் மலிவாக வருவதால் எல்லோருக்கும் வேண்டும், கானர் பெடார்ட் மாதிரி 2023 டிராஃப்டின் முதல் ஆளுக்கே அடிப்படைக் கணக்கு வருஷம் 9.5 லட்சம் டாலர்தான், போனஸ் தனி. நம்ம ஏலத்திலும் 2 லட்ச ரூபாய் அடிப்படை விலைப் பையன்களுக்கு இடம் உண்டு, டீமுக்கு நாலு ஜூனியர் கட்டாயம். நடுவில் மாட்டிக்கொள்வது 29, 30 வயசில், ஆறேழு வருஷம் ஒழுங்காக ஆடின, நட்சத்திரம் ஆகாத ஆள். அங்கே செப்டம்பர் மாதம் பாருங்கள், நூற்றுக்கணக்கான ஆட்டம் ஆடினவர்கள் கான்ட்ராக்டே இல்லாமல் பயிற்சி முகாமுக்கு வந்து, தேர்வானால் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஆடுகிறேன் என்று நிற்பார்கள். அந்தக் குறைந்தபட்சம் 2025-26-ல் 7.75 லட்சம் டாலர், 2026-27-ல் 8.5 லட்சமாகி, 2029-30-க்குள் 10 லட்சம் ஆகும். அதை நான் முழு மனசோடு வரவேற்கிறேன்.

உங்கள் பசங்களிடம் ஏலப் பட்டியலின் மேல் வரியைக் காட்டாதீர்கள். 10, 15 லட்சத்துக்குப் போன டிஃபெண்டர்களையும் மிட்ஃபீல்டர்களையும் காட்டுங்கள். ரெண்டு இடத்தில் ஆடத் தெரிந்தவர், பெனால்டி கார்னரில் முதல் ஆளாக ஓடத் துணிந்தவர், இவர்களுக்குத்தான் மேனேஜர் கடைசி நேரத்தில் கையிருப்பைத் தடவிப் பார்த்துக் கை தூக்குவார். அமித் ரோஹிதாஸின் பேர் முதலில் பரவியது கார்னரில் ஓடுகிற அந்த வேலைக்காகத்தான்.

கேள்வி: இந்தக் கணக்குப் போடுவதே ஒரு வேலையாகக் கிடைக்குமா? — திருவலத்திலிருந்து ஒரு இன்ஜினியரிங் மாணவி

கிடைக்கும் அம்மா. கேப்ஃப்ரெண்ட்லி என்று ரசிகர்கள் நடத்தின ஒரு தளம் இருந்தது, யார் கான்ட்ராக்ட் எவ்வளவு, எந்த டீமுக்கு எவ்வளவு இடம் என்று லீகில் இருப்பவர்களே அதைத்தான் பார்ப்பார்கள். 2024-ல் வாஷிங்டன் கேபிடல்ஸ் அதை அப்படியே விலைக்கு வாங்கிப் பொதுமக்களுக்கு மூடிவிட்டது. இப்போது பக்பீடியா இருக்கிறது. ஒவ்வொரு டீமிலும் வரம்புக் கணக்குக்கென்றே ஆள் இருக்கிறார்கள், சட்டம் படித்தவர்களும் எண்களோடு பழகினவர்களும். லீகுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் முழுசாக இணையத்தில் கிடைக்கிறது, சம்பள வரம்பு 50-வது பிரிவில் இருக்கிறது. அதை ஒரு தடவை படித்துவிட்டு, ஒரு டீமை எடுத்து, அக்டோபர் முதல் நாளிலிருந்து தினம் எவ்வளவு ஏறுகிறது என்று நீங்களே ஒரு ஷீட் போட்டு, பக்பீடியாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் கணக்கு இடிக்கிறது என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் சேர்ந்து பார்ப்போம்.